டெத் குழுவின் கடைசி ஆல்பம்: சாவு தெரிந்தா பாடினார்?

வாசகர் ஒருவர் கேட்டது:

"டெத் பேண்டின் 'த சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்' எப்போது கேட்டாலும் எனக்கு ஒரு உயில் மாதிரியே இருக்கிறது. சக் ஷுல்டினருக்குத் தன் முடிவு தெரிந்திருக்க வேண்டும். நடுவில் குரலே இல்லாமல் இசையாக மட்டும் வரும் 'வாய்ஸ் ஆஃப் த சோல்' அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஒப்பாரி. நீண்ட நாள் கேட்டவர்கள் யாராவது இதை மறுக்க முடியுமா?"

4 ஆகஸ்ட் 2024, இரவு 10.40

நான் மறுக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு: டெத் என்பது உறுமும் குரலில் பாடும் டெத் மெட்டல் வகை அமெரிக்கக் குழு, சக் அதைத் தொடங்கியவர், அதன் பாடகர், கிட்டார் கலைஞர். இனி தேதிகளைப் பாருங்கள். ஆல்பம் பதிவானது 1998 ஏப்ரல், மே மாதங்களில், ஃபுளோரிடா மாநிலம் டாம்பாவில் உள்ள மோரிசவுண்ட் ஸ்டுடியோவில். சக்குக்கு மூளைத்தண்டில் கட்டி என்று தெரியவந்தது 1999 மே 13-ஆம் தேதி. அன்று அவருக்கு 32 வயது நிறைந்த பிறந்தநாள். அதற்கு முன் கழுத்தில் வலி இருந்தது. நரம்பு எங்கோ பிடித்திருக்கிறது என்றுதான் அவரே நினைத்தார். பதிவுக்கும் நோய் தெரிந்த நாளுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு வருடம் இருக்கிறது.

அந்த நேரத்தில் அவர் மனம் எங்கே இருந்தது என்பதும் தெரிந்த விஷயம்தான். 1995-இல் முந்தைய ஆல்பம் 'சிம்பாலிக்' வந்தபிறகு டெத் பேண்டைக் கலைத்துவிட்டு, கன்ட்ரோல் டினைட் என்ற பெயரில் வேறு குழு அமைக்க ஆரம்பித்திருந்தார். அதில் அவர் பாடப் போவதில்லை. உறுமல் கிடையாது, சுத்தமான ஹெவி மெட்டல் குரலுக்கு வேறொரு பாடகர். அதை ஒத்திவைத்துவிட்டு டெத் பெயரில் இன்னொரு ஆல்பம் செய்தார். இதில் உள்ள சில பாடல்கள் முதலில் கன்ட்ரோல் டினைடுக்காக எழுதியவை. இதை விடைபெறும் ஆல்பம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் அவர் விடைபெற்றது டெத் என்ற பெயரிடம். புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டு, பழைய வீட்டில் கடைசியாக ஒரு தடவை விருந்து வைக்கிற மனநிலை அது.

'ஸ்பிரிட் க்ரஷர்' தொடக்கத்தில் ஸ்டீவ் டி ஜார்ஜியோ வாசிக்கும் அந்த பாஸைக் கேளுங்கள். சாகப் போகிற குழுவின் சத்தமா அது?

4 ஆகஸ்ட், இரவு 11.25

தவறு. அது டி ஜார்ஜியோ இல்லை, ஸ்காட் கிளெண்டெனின். டி ஜார்ஜியோ வாசித்தது 'ஹ்யூமன்' (1991), 'இன்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்' (1993) இரண்டிலும், பிறகு கன்ட்ரோல் டினைடிலும். கடைசி ஆல்பத்தின் ஆட்கள்: சக், கிட்டாரில் ஷானன் ஹாம், பாஸ் கிளெண்டெனின், டிரம்ஸ் ரிச்சர்ட் கிறிஸ்டி.

எழுதி முக்கால் மணி நேரத்தில் திருத்தினாலும் மனசு கேட்கவில்லை. கிளெண்டெனினுக்கு இப்படித்தான் நடக்கிறது. டெத் பாஸ் என்றாலே எல்லோர் வாயிலும் முதலில் டி ஜார்ஜியோ பெயர் வந்துவிடுகிறது. கிளெண்டெனின் 2015-இல் இறந்துவிட்டார். அந்தத் தொடக்கத்தில் கிட்டார் கிடையாது, அவருடைய பாஸ் மட்டும் தனியாக நான்கு எட்டு நடந்து வந்து கதவைத் தட்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் உள்ளே வருவார்கள்.

6 ஆகஸ்ட், காலை

வாசகர் பதில் கேட்டிருக்கிறார்: "தேதியை விடுங்கள், காதில் என்ன விழுகிறது?"

நியாயமான கேள்வி. என் காதில் விழுந்த கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2002-இல் கோவையில் கல்லூரி விடுதி. சீனியர் அண்ணன் ஒருவர் அறையில் கம்ப்யூட்டர் இருந்தது. டெத் பேண்டின் ஏழு ஆல்பங்களையும் ஒரே எம்பி3 சிடியில் எரித்துக் கொடுத்தார். கூட அட்டை, பாட்டு வரிகள், ஆண்டு என்று ஒன்றும் இல்லை. ஏழு ஃபோல்டர்கள் மட்டும். அவை ஆங்கில அகரவரிசையில் நின்றன. முதலில் 'ஹ்யூமன்', பிறகு 'இன்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்', 'லெப்ரசி', 'ஸ்க்ரீம் பிளடி கோர்', 'ஸ்பிரிச்சுவல் ஹீலிங்', 'சிம்பாலிக்', 'த சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்'. நான் அதுதான் வெளிவந்த வரிசை என்று நினைத்தேன். 1987-இல் வந்த முதல் ஆல்பம் எனக்கு நான்காவதாக வந்தது. 'லெப்ரசி'க்கு அப்புறம் இவர்கள் ஏன் திடீரென்று இவ்வளவு கரடுமுரடாகிவிட்டார்கள் என்று குழம்பியது நினைவிருக்கிறது. ஆனால் கடைசி இரண்டும் சரியான இடத்திலேயே நின்றன. 'சிம்பாலிக்' முடிந்து அடுத்த ஃபோல்டரைத் திறந்தால், பாட்டே கிறிஸ்டியின் டிரம்ஸில்தான் ஆரம்பிக்கிறது. மாடிப்படியில் பித்தளைக் குடம் உருண்டு வருகிற மாதிரி ஒரு வேகம். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து அறைக்காரன் எழுந்து வந்துவிட்டான்.

இதில் முக்கியமான ஒன்று, சக் அப்போது உயிரோடு இல்லை. 2001 டிசம்பர் 13-ஆம் தேதியே, 34 வயதில், இறந்துவிட்டார். எனக்கு அது தெரியாது. சிடி கொடுத்த அண்ணனுக்கும் தெரியாது. கிட்டத்தட்ட எட்டு மாதம் நான் அந்த ஆல்பத்தை உயிரோடு இருக்கிற ஒரு மனிதரின் புது வேலையாகக் கேட்டேன். அடுத்து என்ன செய்வார், குரல் இன்னும் மேலே போகுமா, பாட்டு இன்னும் நீளுமா என்று காத்திருந்தேன். காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, புது ஆல்பம் எப்போது என்று தேடியபோதுதான் தெரிந்தது. மீதி இருந்த அரை மணி நேரத்துக்குத் திரையைப் பார்த்தபடியே இருந்தேன்.

அந்த எட்டு மாதத்தில் எனக்கு ஒரு தடவைகூட இது ஒப்பாரியாகக் கேட்கவில்லை. என் வாதத்துக்கு அதுதான் சாட்சி.

6 ஆகஸ்ட், மதியம்

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். தெரிந்த பிறகு என்ன ஆயிற்று?

மறுநாள் அதே 'வாய்ஸ் ஆஃப் த சோல்' வேறு பாட்டாகிவிட்டது. ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. கீழே அக்கவுஸ்டிக் கிட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, மேலே இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு போகின்றன, டிரம்ஸ் கிடையாது. நான்கு நிமிடம்கூட இல்லை. எட்டு மாதம் அதை இரண்டு பெரிய பாட்டுகளுக்கு நடுவே மூச்சுவிடத் தந்த இடமாக மட்டும் கேட்டிருந்தேன். ஒரு செய்தியைப் படித்ததும் அதையே கேட்டு அழுதேன்.

அதனால் வாசகரிடம் கோபமில்லை. அவர் கேட்பதுபோல நானும் இருபது வருடமாகக் கேட்கிறேன். "அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்ற வாக்கியத்தை மட்டும் ஏற்க மாட்டேன். அது அவருடைய உழைப்பைத் தலையெழுத்தாக மாற்றிவிடுகிறது.

9 ஆகஸ்ட்

ஆல்பத்தைப் பற்றியே பேசாமல் மூன்று நாள் ஓடிவிட்டது.

எனக்கு 'சிம்பாலிக்'தான் இதைவிட நல்ல ஆல்பம். சொல்லிவிடுகிறேன், யாரும் அடிக்க வர வேண்டாம். அதில் ஒரு ரிஃப்பிலிருந்து, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியிலிருந்து, அடுத்த ரிஃப்புக்குத் தண்ணீர் மாதிரி இறங்கலாம். கடைசி ஆல்பத்தில் பல இடங்களில் வெட்டி ஒட்டிய தடம் தெரிகிறது. ஒரு பகுதி நிற்கும், அரை நொடி மௌனம், முற்றிலும் வேறான இன்னொன்று எழும். மொத்தம் 56 நிமிடம். 'ஃப்ளெஷ் அண்ட் த பவர் இட் ஹோல்ட்ஸ்' மட்டுமே எட்டு நிமிடத்துக்கு மேல். ஒரே பகுதி மூன்றாம் முறையாகத் திரும்பி வரும்போது, இதை ஒருமுறை குறைத்திருக்கலாமே என்று இன்றும் தோன்றும்.

ஆனால் அதே பாட்டின் நடுவில், எல்லாம் அடங்கி ஒரு மெல்லிய கிட்டார் வரி மட்டும் மிஞ்சி, அதன்மேல் ஒவ்வொருவராக ஏறி வரும் அந்தப் பகுதி! அதற்காக முன்னால் வரும் ஐந்து நிமிடத்தையும் பொறுத்துக்கொள்வேன்.

குரல்தான் பலருக்குத் தொண்டையில் முள். 'லெப்ரசி' காலத்தில் வயிற்றிலிருந்து வந்த உறுமல், ஆல்பத்துக்கு ஆல்பம் மேலே ஏறி, இங்கே தகரத்தைக் கிழிக்கிற அலறலாகிவிட்டது. இது டெத் மெட்டலே இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் குரலை வைத்துத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் குரலில் அவசரம் கேட்கிறது. சொல்ல வேண்டியது ஏராளம், தொண்டை ஒன்றே ஒன்று.

கிட்டார் சத்தத்துக்குச் சக் பெரிய ஏற்பாடெல்லாம் வைத்துக்கொண்டதில்லை. பி.சி. ரிச் ஸ்டெல்த் கிட்டார், அதில் தந்தியின் அதிர்வைப் பிடிக்க பிரிட்ஜ் பக்கம் ஒரே ஒரு டிமார்சியோ பிக்கப், மார்ஷல் வால்வ்ஸ்டேட் ஆம்ப். ஆறு தந்தியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி டி-யில் சுருதி சேர்ப்பார், அவ்வளவுதான். டெத் மெட்டல் குழுக்கள் பல அதைவிடக் கீழே போய்க்கொண்டிருந்த காலம் அது. கீழே போகாததால்தான் அவருடைய மெலடி சேற்றில் புதையாமல் நின்றது என்பது என் எண்ணம்.

9 ஆகஸ்ட், இரவு

'பெயின்கில்லர்' பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். ஜூடாஸ் ப்ரீஸ்ட் என்ற ஹெவி மெட்டல் குழு 1990-இல் வெளியிட்ட பாட்டு, டெத் ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக எதற்கு? 'எ மொமண்ட் ஆஃப் கிளாரிட்டி'யோடு முடித்திருந்தால் எவ்வளவு நிறைவாக இருந்திருக்கும்?

ஆமாம். எனக்கும் அதே குறை உண்டு. இலை எடுத்தபிறகு மறுபடி சோறு போடுகிற மாதிரி.

10 ஆகஸ்ட், விடியற்காலை

நேற்றுச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தூக்கம் வரவில்லை, அந்தப் பாட்டையே மூன்று தடவை கேட்டேன்.

பதினைந்து வருடம் உறுமியும் அலறியும் பாடிய ஒருவர், ஜூடாஸ் ப்ரீஸ்டின் ராப் ஹால்ஃபோர்ட் பாடியதை எடுத்துக்கொண்டு, கடைசியில் தன் குரலைத் தன் எல்லைக்கு மேலே தள்ளிவிடுகிறார். ஏறக்குறைய பாடுகிறார். இனி எந்தப் பக்கம் போகப் போகிறார் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அடுத்த வருடம் கன்ட்ரோல் டினைடின் ஆல்பம் வந்தது. டிம் ஏமர் பாடினார், கிட்டாரில் அதே ஹாம், டிரம்ஸில் அதே கிறிஸ்டி, பாஸில் டி ஜார்ஜியோ. சக் குடிபோன புது வீடு அதுதான். ஏமரும் 2023-இல் போய்விட்டார்.

'பெயின்கில்லர்' கடைசியில் இருப்பது சரி. மாற்ற மாட்டேன்.

10 ஆகஸ்ட், மாலை

இன்னொரு திருத்தம். இது என் வாதத்தையே கொஞ்சம் ஆட்டுகிறது. காலையில் நான் எழுதியதைப் படித்தால், சக் சுகமாகப் புது வீடு போனார், நோய் அதற்குப் பிறகு வந்தது என்று தோன்றும். அப்படியில்லை. கன்ட்ரோல் டினைட் ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நோய் தெரிந்துவிட்டது. அதற்குள்தான் அதை முடித்து 1999-க்குள் வெளிக்கொண்டுவந்தார்.

ஆகவே, சாவு தெரிந்து செய்த ஆல்பம் எது என்று கேட்டால், விரல் நீட்ட வேண்டியது அதை நோக்கித்தான். டெத் பெயரில் வந்த கடைசி ஆல்பத்தை நோக்கி இல்லை. ஆனால் அதைப் பற்றி யாரும் உயில் என்று பேசுவதில்லை. பெயரிலேயே 'டெத்' இருப்பதால் எல்லாக் கண்ணீரும் இங்கே வந்து சேர்கிறது.

சிகிச்சைக்குப் பெரும் பணம் தேவைப்பட்டது. குடும்பத்தால் முடியவில்லை. ரசிகர்களும் மற்றக் குழுக்களும் நிதி திரட்டினார்கள். 1998 டிசம்பர் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸில் விஸ்கி அ கோ கோ அரங்கில் டெத் வாசித்ததை 2001-இல் லைவ் ஆல்பமாக வெளியிட்டதே அவருடைய சிகிச்சைக்குப் பணம் சேர்க்கத்தான். கன்ட்ரோல் டினைடின் இரண்டாவது ஆல்பம் பாதியில் நின்றுவிட்டது. அவருடைய முடிவுறாத வேலை அதுதான். எனக்கு அதை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது.

14 ஆகஸ்ட்

கொஞ்சம் வெளியே போய் வருவோம். கடைசி ஆல்பம் என்பது எத்தனை விதம்!

லிவர்பூலின் கார்க்கஸ் என்ற மெட்டல் குழு 1996-இல் விட்ட ஆல்பத்துக்கே 'ஸ்வான்சாங்' என்று பெயர் வைத்தார்கள். அன்னம் சாகும் முன் பாடும் பாட்டு என்று மேல்நாட்டில் ஒரு நம்பிக்கை. பேண்டும் கலைந்தது. 2013-இல் 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று திரும்பி வந்து நின்றார்கள், அதுவும் எப்படி! கடைசி என்று பெயர் வைத்தது கடைசியாகவில்லை.

இங்கிலாந்தில் கோவென்ட்ரியின் போல்ட் த்ரோவர் என்ற டெத் மெட்டல் குழுவின் கதை வேறு. எங்களுக்கே முழுத் திருப்தி தரும் ஆல்பம் ஒன்று அமைந்துவிட்டால் அத்தோடு நிறுத்திவிடுவோம் என்ற பேச்சு அவர்களிடம் முன்பே இருந்தது. 2005-இல் 'தோஸ் ஒன்ஸ் லாயல்' வந்தது. அடுத்ததற்குப் பாட்டு எழுதிப் பார்த்தார்கள், அதைவிடச் சிறப்பாக வரவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். மேடையில் வாசிப்பது மட்டும் தொடர்ந்தது. 2015 செப்டம்பர் 14 அன்று டிரம்மர் மார்ட்டின் கியர்ன்ஸ் 38 வயதில் இறந்தார். சரியாக ஒரு வருடம் கழித்து, அதே தேதியில், பேண்ட் முடிந்தது என்று அறிவித்தார்கள். அவர் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்கவில்லை. அந்த ஆல்பத்தைக் கேட்கும்போது எனக்கு மனசு கனத்தாலும் குறை இருக்காது. தெரிந்தே நிறுத்தினார்கள்.

சக்குக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

23 ஆகஸ்ட், ஞாயிறு என்று நினைத்து எழுதுகிறேன், வெள்ளிதான்

அக்கா மகன் வந்திருந்தான். பதினாறு வயது. ஒரு வருடமாகக் கிட்டார் கற்றுக்கொள்கிறான், மெட்டல் கேட்பான், ஆனால் டெத் பேண்டைக் கேட்டதில்லை. எனக்கு 2002-இல் நடந்ததைத் திரும்ப நடத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆண்டு, ஆள், கதை எதையும் சொல்லாமல் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். போனைக் கையில் எடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

முதல் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். 'ஸ்பிரிட் க்ரஷர்' பாஸுக்கு விரலால் தொடையில் வாசித்துப் பார்த்தான். என் வாதம் ஜெயித்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் 'வாய்ஸ் ஆஃப் த சோல்' வந்தது. தலையாட்டுவதை நிறுத்தினான். முடிந்ததும் ஒரு பக்கக் காதை மட்டும் கழற்றிவிட்டுக் கேட்டான்:

"இது யாருக்கு மாமா? யாரு செத்துட்டாங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. மீதியையும் கேட்கச் சொன்னேன்.

24 ஆகஸ்ட்

வாசகரே, உங்களிடம் பாதி தோற்றேன். ஒன்றும் தெரியாத பிள்ளைக்கும் அங்கே சாவு கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்காமல் போனதற்குப் பதினெட்டு வயது விடுதிச் சத்தம் காரணமாக இருக்கலாம். செய்தி படித்ததால்தான் பாட்டு மாறியது என்று 6-ஆம் தேதி நான் எழுதியது முழு உண்மை இல்லை.

ஆனால் "தனக்குத்தானே" என்பதில் இன்னும் ஒப்பவில்லை. நம் ஊரில் ஒப்பாரி வைப்பது இருப்பவர்கள்தானே. சக்கும் அப்படி இருந்தவர். அவருக்கு ஒன்பது வயது இருக்கும்போது அண்ணன் ஃபிராங்க் பதினாறு வயதில் விபத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்திலிருந்து பிள்ளையை மீட்க ஏதாவது வழி வேண்டும் என்றுதான் பெற்றோர் அவருக்கு முதல் கிட்டாரை வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் வகுப்புக்குப் போனார், பிடிக்கவில்லை. எலெக்ட்ரிக் கிட்டார் கைக்கு வந்தபிறகு விடவே இல்லை.

அந்தப் பாட்டு அண்ணனுக்காக என்று நான் சொல்லவில்லை. அந்தக் கைக்குக் கிட்டார் வந்து சேர்ந்ததே ஒரு சாவு நடந்த வீட்டில் என்று மட்டும் சொல்கிறேன். 1998-இல் அவர் வாசித்த துக்கத்துக்கு வரப்போகும் நோயைத் தேட வேண்டியதில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அது அவரோடுதான் இருந்தது.

25 ஆகஸ்ட்

அக்கா மகனிடம் கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பாட்டை வாசிக்க வேண்டும் என்றான். என் பழைய கிட்டாரை எடுத்து ஆறு தந்தியையும் ஒரு ஸ்வரம் இறக்கினோம். தந்தி தளர்ந்ததில் ஐந்தாவதும் ஆறாவதும் ஃப்ரெட்டில் பட்டு இரைகின்றன. நாளைக்குக் கனமான செட் வாங்கி மாட்ட வேண்டும். கீழே ஓடும் அக்கவுஸ்டிக் பகுதியை அவன் எடுத்துக்கொண்டான், மேலே உள்ள இரண்டில் ஒன்று எனக்கு. இன்னொன்றுக்கு ஆள் இல்லை.